இண்டைக்கும் சிவப்புத்தான்

குலுக்கினது காணும் தம்பி, அந்தக் குழாய வாங்குப் பலகையில வைங்க. பத்து நிமிசம் பொறுத்தாத்தானே நிறம் புடிக்கும்? போன முறையும் அப்பிடித்தானே செல்லினீங்க. சிவந்தா மீன்தொட்டித் தண்ணியில அந்த என்னவோ... ஓம், நைட்ரேட்டு, அது கூட. வெளிறி இரிந்தா நல்லது. நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவ, ஆனா இது எனக்கு மனப்பாடம்.

மருமகன் இப்ப வந்திருவாரு. தோணி எடுத்துக்கிட்டுப் போயிரிக்காரு, கொழும்புக் கொம்பனியில இரிந்து நீங்க வந்தா உங்களுக்கு முன்னால புதுத்தண்ணி ஊத்திக் காட்டோணுமெண்டு. கரையில அள்ளமாட்டாரு. சவளக்கடைப் பக்கம் வயலுக்கு வீசுற யூரியா எல்லாம் மழையோட கடலுக்குத்தான் வருதாம், அதுல இன்னும் சிவக்குமாம். அதால நீலத்தண்ணி வரைக்கும் போய் கேன்ல நிரப்பிட்டு வாறாரு.

வாசமா? அது நொச்சி எல போட்ட எண்ணெய் தம்பி. அடுப்புல காயுது. பின்னேரத்துக்குத் தேவப்படும்.

தேத்தண்ணியக் குடிங்க. இவதான் மகள் முனவ்வறா. இந்தப் பக்கமா நிண்டு கதைங்க தம்பி, அவளுக்கு எடது காது கேக்காது. போ புள்ள, நீ போய் அரிசியக் களை.

இது அவட சீதன ஊடு. எங்கட பக்கம் மாப்பிளதானே பொண்ணுட ஊட்டுக்கு வாற. எழுவத்தெட்டுச் சூறாவளியில ஓடெல்லாம் பறந்து, நானும் அவட வாப்பாவும் திரும்பக் கட்டின ஊடு. கலியாணத்தோட அவட பேருக்கு எழுதிட்டு, கோடிப்பக்கம் ஒரு குசினியும் ஒரு அறையுமா ஒதுங்கினம். அவரு மௌத்தாகிட்டாரு. நான் இரிக்கன்.

நீங்க அவரச் சோதிச்சுப் பாக்க அனுப்பின இந்தக் கண்ணாடித் தொட்டி வந்த புதுசுல என்ன வடிவு தெரியுமா? பொய் செல்லக்கூடாது. இந்த முருகைக்கல்லு, கடல் பவளந்தானே, எல்லாம் விரிஞ்சி பூத்துக் கிடந்திச்சி. மஞ்சள் மீன் அஞ்சும் தஸ்பீஹ் மணி மாதிரி ஒண்டுக்குப் பின்னால ஒண்டா போகும். லுஹர் தொழுதிட்டு இதுக்கு முன்னாலதான் இரிந்து ஓதுவன், படைச்சவன்ட வேலயப் பாருங்கவன் எண்டு. இப்ப பாருங்க. பூவெல்லாம் கூம்பி, கல்லெல்லாம் மண்ணிறமா பாசி. மூணு மீன் போயிட்டு. அந்த ஒண்டு மேல வந்து வந்து வாயத் தொறக்குது, பாத்தீங்களா.

அவரு என்ன செய்யல்ல எண்டு கேளுங்க! கிழமைக்கொருக்கா கால்வாசித் தண்ணி மாத்துறாரு. ரப்பர் குழாய உட்டு மணலுக்குள்ள கிடக்கிற ஊத்தைய உறிஞ்சி எடுக்காரு. தீனி ரெண்டு நாளைக்கொருக்கா, அதும் ஒரு சிட்டிகை. பக்கத்துல ஒரு தொட்டியில கடல் பாசிய வளத்து, அதுக்கு லைட்டும் போட்டு வச்சிரிக்காரு, அது நைட்ரேட்டக் குடிக்குமாம். ஜவுபர் மருமகன் தொழில்ல கெட்டிக்காரன் தம்பி, அதுல ஒரு குறை செல்லேலாது. அந்தப் பெரிய கல்ல மட்டும் அசைக்கமாட்டாரு. அசைச்சா அதுல ஒட்டியிரிக்கிற சீவனெல்லாம் செத்துப்போகுமாம்.

எல்லாஞ் செஞ்சும் குறையாட்டியா? குறையாட்டி, முனவ்வறாதான் ஒளிச்சித் தீனி போடுறா எண்டு செல்லுவாரு. வேற ஆரச் செல்லுற.

போன ரெண்டு முறையும் சிவப்பு. இண்டைக்கும் சிவந்தா நீங்க வேற ஆளப் பாப்பீங்க, அப்பிடித்தானே? வெளிறினா நீர்கொழும்புல கொம்பனிட பெரிய தொட்டிகளுக்கெல்லாம் இவருதான் பொறுப்பு. குடியிரிக்கக் குவாட்டஸும் குடுப்பீங்க. ஊரெல்லாம் செல்லிட்டாரு. மகள்ட உடுப்பெல்லாம் பெட்டியில அடுக்கிக் கிடக்கு. நீங்க போங்க மருமகன், புள்ள இங்க இரிக்கட்டுமெண்டு நான் ஒருக்காக் கேட்டன். சிரிச்சாரு. உங்கட மகள் உங்கட மடியில இரிந்தா எனக்கு ஆரு மாமி தண்ணி தூக்குற எண்டாரு.

முன்ன ஒருக்கா கூட்டிக்குப் போனவருதான். திருகோணமலைக்கி, மீன் புடிக்கிற காலத்துல, ரெண்டு மாசம். தொட்டி வச்ச கொட்டிலுக்குப் பின்னால ஒரு அறை. போகக்குள்ள மகளுக்கு மூணு மாசம். அந்த வயித்தோட கடல்தண்ணி வாளி தூக்கினா. ஒரு நாள் ஏலாதெண்டு குந்திட்டாவாம். வரக்குள்ள வயித்துல ஒண்டுமில்ல. பஸ்ஸால இறங்கி நிக்கிறா, நான் எடது பக்கம் போய் மகள் எண்டு கூப்பிடுறன், அவ மத்தப் பக்கம் திரும்பி என்னயத் தேடுறா. அண்டைக்கித்தான் தம்பி எனக்குக் காதப் பத்தித் தெரியும்.

அவர உட்டுட்டு வா எண்டு செல்லாமலா? மாட்டாவாம். என்ன உட்டா அவருக்கு ஆரும்மா எண்டு எனக்கிட்டயே அழுறா. மனம் அப்பிடி. நான் என்ன செய்ய.

இங்கயா? இங்க அடிக்கிறது குறைவு. கைதான். சத்தம் கேட்டா நான் குசினிக்குள்ள இரிந்து இருமுவன். அடுத்த வளவுல என்ட தம்பி முத்தலிப், அவன் வேலிக்குக் கிட்ட வந்து காறித் துப்புவான். அவரு கையக் கீழ போட்டிருவாரு. பொண்ணுட சனத்துக்கு நடுவுல இரிக்கிற மாப்பிளக்கி அந்தளவுதான் ஏலும். நீர்கொழும்புல ஆரு தம்பி இருமுற?

ஐயோ, அந்தக் கல்லத் தூக்காதீங்க. தம்பி, உங்களத்தான்...

தூக்கிட்டீங்களா.

ஓம், றால்தான். தலையோட. மத்ததெல்லாம் அழுகித் தண்ணியோட கரைஞ்சிட்டு, அது இண்டையது. ஒரு நாளைக்கி ஒண்டு, மூணு மாசமா. ஸுபஹ் தொழுத கையோட, அவங்க எழும்ப முந்தி. எதத் தொட்டாலும் பிஸ்மி செல்லுற நான், இதுக்கு மட்டும் செல்லுறல்ல. வெக்கமா இரிக்கும். அந்த வாயில்லாச் சீவனுகள்ட்ட மாப்புக் கேட்டுட்டுத்தான் போடுறன்.

தெரியும் தம்பி. இது சிவந்தா ஆர்ட முதுகுல விழும் எண்டு பெத்தவளுக்குத் தெரியாதா? போன முறை நீங்க படலையத் தாண்டல்ல, தொடங்கிட்டாரு. அண்டைக்கி நான் இருமியும் நிக்கல்ல. போட்டதும் நான், தடவினதும் நான். எண்ணெய் தடவக்குள்ள கேக்கா, நான் தீனி போடல்லியேம்மா, எப்பிடிச் சிவக்குது எண்டு. அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் மகள் எண்டன். அது பொய்யில்லத்தானே?

கல்ல இரிந்தமாதிரியே வைங்க. ஓம், அப்பிடித்தான், அந்தப் பக்கம் மறைவா.

பத்து நிமிசமாகிட்டு, குழாயப் பாருங்க. பீட்றூட் மாதிரி. அல்ஹம்துலில்லாஹ். எழுதுங்க மகன். நான் ஒண்டும் இல்லாதத எழுதச் செல்லல்லியே, கண்ணுக்கு முன்னால சிவந்து கிடக்கிறதத்தானே. இண்டையோட முடிஞ்சிரும், அவ இங்கயே இரிப்பா.

அவருட சைக்கிள் மணி கேக்குது. போகக்குள்ள படலையச் சாத்தாம உட்டுட்டுப் போங்க, முத்தலிப் ஓடிவாறதுக்கு. நான் போய் எண்ணெய இறக்கி ஆறவைக்கன். கொதிக்கக் கொதிக்கத் தடவினா புள்ளைக்கி நோகும்.