தாழியில் கிடந்த மணி

"தாயி, உன் பிள்ளை இடுப்புல இருக்கிற மணி செத்தவங்களோடது."

உடுமலையிலிருந்து திண்டுக்கல் போகும் பஸ்ஸில், பழைய கல்மணிகளைத் தேடிச் சேர்க்கும் ஒரு பெரியவர், நெய்க்காரப்பட்டியில் ஏறிய பெண்ணிடம் சொன்னார். அவள் மகனின் அரைஞாணில் வெள்ளைக் கோடு போட்ட சிவப்புக் கல்மணி ஒன்று தொங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த நான், படித்தவள் பயப்படலாமா என்று நினைத்தாலும், என் மகளை இறுக்கி அணைத்துக்கொண்டேன்.

"அப்ப செத்த ஆளுக்கும் டிக்கெட் போடணுமா, அப்பு?" என்றார் கண்டக்டர்.

அவள் சிரிக்கவில்லை. "தெரியுமுங்க. தோட்டத்துல உழுவறப்ப தாழி உடைஞ்சுது. எலும்போட கெடந்துச்சுங்க."

"தெரிஞ்சுமா கட்டியிருக்கே?"

"இவனுக்கு முன்னால ரெண்டு தங்கலைங்க."

பெரியவர் பையிலிருந்து ஒரு கறுப்பு மணியை எடுத்தார். "இது திபெத்துக்காரர் ஒருத்தர்கிட்ட வாங்குனது. இதுலயும் அதே வெள்ளைக் கோடு, பாரு. சோடாக் காரத்தால கோடு போட்டு, நெருப்புல சுட்டிருக்காங்க. எம்புட்டு தூரம், ஒரே கைவேலை! உன்னோடதுக்கு ரெண்டாயிரம் வருசம் இருக்கும். எனக்குக் குடுக்குறியா? பத்திரமா வச்சுக்குவேன்."

"ரெண்டாயிரமுங்களா!" அவள் மணியைத் தடவிப் பார்த்தாள். "அத்தன வருசம் மண்ணுல கெடந்தும் ஒரு கீறல் இல்லைங்க. அந்த உறுதி இவனுக்கு வரட்டும்னுதானுங்க கட்டுனேன்."

நான் மகளை இறுக்கியிருந்த பிடியைத் தளர்த்தினேன்.

ஒட்டன்சத்திரத்தில் அவள் எழுந்தாள். பெரியவர் மறுபடி கேட்கவில்லை.

"கயிறு நைஞ்சிருக்கு, தாயி. இறங்குனதும் முதல்ல வேற கயிறு வாங்கிக் கட்டு."