‘டேய் அண்ணா’ என்று தொடங்கிய மடல்

ஐயா, கடவுச்சொல்லை மறந்தவர்கள் எவரும் தாம் மறந்ததாக ஒப்புக்கொள்வதில்லை. எங்கள் தெருப் பல் மருத்துவர் அடிக்கடி மறப்பார். ஒவ்வொரு முறையும் யாரோ மாற்றிவிட்டதாகச் சொல்லி என்னையே ஒரு மாதிரியாகப் பார்ப்பார். நான் புதிய கடவுச்சொல் அமைத்துக் கொடுத்து, நேர்ந்த சிரமத்துக்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்வேன். என் தொழிலில் பாதி, கணக்கு அமைத்துக் கொடுப்பது. மீதிப் பாதி மன்னிப்புக் கேட்பது.

நேற்றுக் காவல் நிலையத்தில் தாங்கள் என்னிடம், “ஏன்யா இப்படிச் செஞ்ச?” என்று ஒருமையில் கேட்டீர்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. எழுத்தில் விடையளிக்க அனுமதித்தமைக்கு நன்றியுடையேன்.

பெரிய நிறுவனம் ஒன்றிடம் மின்னஞ்சல் கணக்குகளை மொத்தமாக வாங்கி, சிறு கடைகளுக்குச் சில்லறையாக விற்பவன் நான். கடையின் பெயரிலேயே முகவரி அமைத்துக் கொடுத்து, அதன்பின் பராமரிப்பையும் கவனிப்பேன். ஐயத்துக்குரிய மடல்கள் உரியவரிடம் போகுமுன் நிறுத்திவைப்புப் பெட்டி என்னும் ஓரிடத்தில் வந்து தங்கும். நான் படித்துப் பார்த்து, தீங்கில்லை என்றால் விடுவிப்பேன். எவையெல்லாம் அங்கே தங்கவேண்டும் என்று விதி எழுதுபவனும் நானே. அப்படி ஒரு பெட்டி இருப்பதே வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது.

எதிர்ச்சாரியில் உள்ள விளக்குக் கடை ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் சொந்தம். அண்ணன் இங்கே, தங்கை வேறொரு நகரத்தில் கிளையை நடத்திவந்தார். இருவரும் தொலைபேசியில் பேசத் தொடங்கினால், விலை விசாரிக்க வந்தவர்கள் மெல்ல வெளியே நழுவிவிடுவார்கள். அத்தனை சத்தம். ஆகவே, எதையும் மடலில் எழுதிக்கொள்வது வியாபாரத்துக்கு அழகு என்று இருவருக்கும் பணிவுடன் எடுத்துச் சொன்னேன். ஏற்றுக்கொண்டார்கள்.

தங்கையின் முதல் மடலை நான் கண்டது தற்செயலாகத்தான். “டேய் அண்ணா, நீ அனுப்பின விளக்குல பாதி உடைஞ்சு வந்திருக்கு. தூங்கிக்கிட்டே பேக் பண்ணியா, எருமை?” அதற்கு அண்ணன், “கண்ணாடியைக் கண்ணாடி மாதிரி இறக்கணும்டி, மூட்டை மாதிரி இல்ல” என்று எழுதியிருந்தார். கடையின் பெயர் தாங்கிய முகவரியிலிருந்து இத்தகைய மடல்கள் போவதைப் பார்த்து எனக்குக் கூச்சமாகிவிட்டது, ஐயா. நான் அமைத்துக் கொடுத்த முகவரி அல்லவா?

முதலில், அடுத்து வந்த மடல்களில் எருமையை மட்டும் எடுத்தேன். பிறகு, ‘டேய்’, ‘டி’ போன்ற சொற்கள் வந்தால் மடல் என் பெட்டியில் நிற்கும்படி ஒரு விதி எழுதினேன். நின்றவற்றைத் திருத்தி, அனுப்பியவர் பெயரிலேயே சேர்ப்பித்தேன். “அன்புள்ள அண்ணா, சில விளக்குகள் சேதமடைந்து வந்துள்ளன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.” பொருள் ஒன்றுதானே? என் மனைவி ஒருநாள் என் தோள்வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “அடுத்தவங்க கடுதாசிக்கெல்லாம் இஸ்திரி போடுறீங்களா? உங்க சட்டைக்குப் போட நான் வேணும்” என்றாள். அதில் சிறிது பாராட்டும் கலந்திருந்ததாகவே எடுத்துக்கொண்டேன்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. அண்ணன் என் கடைக்கு வந்து, “தங்கச்சி திருந்திட்டா சார். என்னை ‘தாங்கள்’னு எழுதுறா. படிக்கவே பயமா இருக்கு” என்று சிரித்தார். சில வாரங்களில் அவருடைய மடல்களும் தாமாகவே மரியாதையாகிவிட்டன. நான் கைவைக்கவேண்டிய தேவை குறைந்தது. தங்கை மட்டும் கடைசிவரை ‘டேய்’ என்பதை விடவில்லை. எவ்வளவோ பண்பாகப் பதில் போனபின்பும், “என்னடா ஆச்சு உனக்கு, யார் வீட்டுப் பிள்ளையோ மாதிரி எழுதுற?” என்று கேட்டிருந்தார். அதையும் நல்லவிதமாக மாற்றி அனுப்பினேன். சண்டை அறவே நின்றது. சரக்கு விவரம் தவிர மற்றப் பேச்சும் ஏறக்குறைய நின்றது. இவ்வளவு ஒழுங்கான வாடிக்கையாளர்கள் எனக்கு வேறு எவரும் இல்லை.

இனி, தாங்கள் கேட்ட மடலுக்கு வருகிறேன்.

ஒருநாள் காலையில் அது என் பெட்டியில் நின்றுகொண்டிருந்தது. “டேய் அண்ணா, தலைக்குள்ள கட்டியாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதுறேன். பயமா இருக்குடா. வந்து பக்கத்துல உக்காரு, போதும்.”

நான் கல்நெஞ்சக்காரன் அல்லன், ஐயா. நெடுநேரம் யோசித்தேன். அண்ணன் சட்டென்று உணர்ச்சிவசப்படுகிறவர். மருத்துவமனையில் இருவரும் நேருக்கு நேர் சந்தித்தால் பழையபடி குரல் உயரும். அது நோயாளிக்கு ஆகாது. சந்தித்தால் பழைய மடல்களைப் பற்றியும் பேச்செழக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னால், அது முழு உண்மையாகாது.

ஆகவே மடலை விடுவிக்கவில்லை. அண்ணனின் முகவரியிலிருந்து நானே பதில் எழுதினேன்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த அம்மையார் கண்விழிக்கவில்லை. கிளைக் கடையின் கணக்கர் தொலைபேசியில் அழைத்தபோதுதான், தங்கைக்கு நோய் என்பதே அண்ணனுக்குத் தெரிந்தது.

உரியவர் இல்லாத கணக்குகளுக்குத் தானியங்கிப் பதில் ஒன்று அமைத்துவைப்பது என் வழக்கம். காரியங்கள் முடிந்து திரும்பிய அண்ணன், மனம் தாளாமல் தங்கையின் முகவரிக்கு ஏதோ எழுதியிருக்கிறார். “தற்சமயம் நான் அலுவலகத்தில் இல்லை, திரும்பியதும் தங்களைத் தொடர்புகொள்வேன்” என்று மறுநொடியே பதில் போயிருக்கிறது. என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

“செத்தும் திமிர் போகல பாருங்க சார். லீவுல இருக்காளாம்.” சிரிக்க முயன்றார். பிறகு, “அவ பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க. கடைசியா என்ன எழுதினான்னு பாக்கணும். எங்கிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லாம போயிட்டா” என்றார்.

கணக்கின் உரிமையாளர் கேட்டால் மறுக்க எனக்கு அதிகாரமில்லை. திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். என் பிரதிகளையெல்லாம் அப்போதைக்கப்போது நீக்கியிருந்தேன். தங்கை தம் கையால் எழுதியவை மட்டும் ‘அனுப்பியவை’ என்ற பகுதியில் அப்படியே இருந்தன. அங்கே போய்ப் பார்ப்பார் என்று நான் எண்ணவில்லை.

எருமையைப் படித்தபோது அவர் முகம் மலர்ந்தது. அதன்பின் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், அந்த மடலை இரண்டு முறை படித்தார். பிறகு, தங்கையின் பெட்டியில் அதற்கு வந்திருந்த பதிலைத் தொட்டுக் காட்டி, “இது நான் எழுதலையே” என்றார்.

“நான்தான் எழுதினேன்” என்றேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

“வான்னு கூப்பிட்டிருக்கா சார். பயமா இருக்குன்னு சொல்லியிருக்கா.”

“ஆம். ஆனால் தொடக்கமே சரியில்லை” என்றேன்.

அவர் என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடிக்கவில்லை.

என் பதிலைத் தாங்களும் பார்த்துக்கொள்ள இங்கே தருகிறேன். “அன்புள்ள தங்கைக்கு, தங்கள் மடல் கிடைத்தது. மருத்துவர்கள் திறமைசாலிகள், கவலை வேண்டாம். பணிச்சுமை காரணமாக நேரில் வர இயலாமைக்கு வருந்துகிறேன். நலம் பெற வாழ்த்துகள்.” நண்பகல் வரை உழைத்து எழுதியது. இன்றும் இதில் மாற்றவேண்டிய சொல் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

அதை அனுப்பிய அன்று மாலையே அந்த அம்மையாரின் மறுமொழி வந்தது. அண்ணன் திரையில் கடைசியாகப் படித்ததும் அதைத்தான். “சரிங்க. உங்க வேலைய பாருங்க. தொந்தரவு பண்ணிட்டேன், மன்னிச்சிடுங்க.”

அது என் பெட்டியில் நிற்கவே இல்லை, ஐயா, நேராக அண்ணனின் பெட்டிக்குப் போயிருந்தது. படித்தபோது என் கண்கள் நிறைந்தன. கடைசியில் அவரும் மரியாதை கற்றுக்கொண்டுவிட்டார். இதைப் பார்த்தால் அண்ணன் வீணாகக் குழம்புவாரே என்று, அவர் கண்ணில் படுமுன் அன்றே அங்கிருந்து நீக்கிவிட்டேன்.