நாக்கடியில் கரைந்த பத்து நிமிடம்

நம் மருத்துவமனை விழாவுக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரம் பார்க்கும் எங்கள் மருத்துவர் அம்மா அவர்களே! ஊசியைவிடக் கூரிய பார்வை கொண்ட செவிலியர் அக்கா அவர்களே! முதுகுவலியோடு வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்திருக்கும் தாய்மார்களே! அப்படியே நழுவிவிடலாமா என்று வாசலோரம் யோசிக்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் தலை குனிந்த என் வணக்கம்.

ஏன் தலை குனிந்தேன்? ஒரு நோயாளியை மருத்துவமனையை விட்டே விரட்டியவன் நான். நோயை அல்ல ஐயா, நோயாளியை! அதைச் சொல்லத்தான் வந்தேன். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உங்கள் முகம் தெரிந்தால் எனக்குப் பொய் வரும். தெரியாவிட்டால்தான் உண்மை வரும்.

நம் தெருமுனை மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவன் நான். ஒலிபெருக்கியில் எண்ணைக் கூப்பிடுவது என் வேலை. எண்ணை மட்டும் கூப்பிட்டால் போதாதா? போதும். என் வாய்க்குப் போதாது. "பதினேழு, இருமிக்கிட்டே வாங்க, தானா வழி விடுவாங்க!" என்பேன். "இருபத்திரண்டு, போன வாரம் வந்த அதே காலா, இல்ல புதுசா?" என்பேன். பெஞ்சு சிரிக்கும். சிரிக்கச் சிரிக்க நான் சிறகடித்தேன்.

சென்ற ஆண்டு மருத்துவர் அம்மா ஒரு புதிய சிகிச்சையைத் தொடங்கினார். வலிக்காகத் தந்த மாத்திரைக்கே அடிமையாகிப் போனவர்களுக்கான சிகிச்சை. எங்கோ தொலைவில், உயர்ந்த மதிலுக்குள் அல்ல. சளிக்கும் சர்க்கரைக்கும் வருகிறோமே, இதே வாசலில், இதே வரிசையில், இதே பெஞ்சில்! தினமும் காலையில் நாக்கின் அடியில் ஒரு மாத்திரை. அது கரையப் பத்து நிமிடம். அதுவரை விழுங்கக் கூடாது, பேசக் கூடாது.

வந்தவர்களில் ஒருவர் தரைக்கும் சுவருக்கும் கல் பதிக்கும் தொழிலாளி. பெயரைச் சொல்ல மாட்டேன். கழுத்தில் கத்தி வைத்தாலும் சொல்ல மாட்டேன்! பட்டப்பெயர் ரசமட்டம். தளம் சமமா, சாய்வா என்று குமிழியைப் பார்த்துச் சொல்லும் அந்தக் கருவி அவர் கையை விட்டு அகலாது. உட்காரும் பெஞ்சிலும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அதனால் அவருக்கு வேலை தரும் மேஸ்திரியே சூட்டிய பெயர் அது. சாரத்திலிருந்து விழுந்தார், இடுப்பு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது, வலி மாத்திரை விடவில்லை.

அவர் சிகிச்சையின் பன்னிரண்டாம் நாள் காலை. பெஞ்சு நிறையக் கூட்டம். எடுத்தேன் மைக்கை.

"முப்பத்தொண்ணு! நாக்குக்கடியில மாத்திரை வைக்கிற சங்கத்துத் தலைவரே, வாங்க! வீட்டம்மாவுக்குப் பத்து நிமிஷம் நிம்மதி!"

குலுங்கிச் சிரித்தார்கள். எழுந்து நின்றவர் ரசமட்டம். எதிர்ப் பெஞ்சில் அவருடைய மேஸ்திரி. சிமெண்டு வரவில்லை என்று கைப்பேசியில் யாரையோ காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. ஆனால் அது ரசமட்டத்துக்குத் தெரியாதே! மாத்திரை வாங்காமலே வெளியே போனார். உயிராய் வைத்திருந்த கருவி பெஞ்சிலேயே கிடந்தது.

"அடப்பாவி" என்கிறார் அங்கே ஓர் அம்மா. சரியாகச் சொன்னீர்கள் தாயே, இன்னும் உரக்கச் சொல்லுங்கள்!

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒன்பதாம் நாள் செவிலியர் அக்கா என் ஜன்னலில் வந்து நின்றார்.

"சிரிச்சு முடிச்சாச்சா?"

"வருவாருக்கா. வராம எங்க போவாரு?"

"பழைய மாத்திரைக்குப் போவாரு. அந்த அளவ இப்ப அவரு ஒடம்பு தாங்காது. தூக்கத்துலயே மூச்சு நின்னுரும். அப்புறம் மைக்குல யாரக் கூப்பிடுவ?"

பெஞ்சில் கிடந்த அந்தக் கருவியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அன்றே அவர் வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. அவர் மனைவி தையல் இயந்திரத்தில் இருந்தார். என்னைப் பார்த்தும் மிதித்த கால் நிற்கவில்லை.

"யாரு?"

"ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறவன்மா."

"ஓ, அந்த மைக்கா? வாங்க. அந்த ஜோக்க இங்கயும் ஒருவாட்டி சொல்லுங்க. புள்ளைங்க சிரிச்சு நாளாச்சு."

நாலாயிரம் பேர் முன்னால் பேசுவேன் என்று பீற்றிய நாக்கு, நாலு பேர் முன்னால் ஒட்டிக்கொண்டது. சுவரில் சாய்ந்திருந்தார் அவர். சட்டையெல்லாம் வியர்வை. கையில் பழைய மாத்திரைப் பட்டை.

"இன்னும் பிரிக்கல," என்றார். "காலையிலருந்து நாலு வாட்டி கையில எடுத்துட்டேன்."

"அண்ணே, தப்பு என்னோடதுதான். ஆனா மேஸ்திரி காதுல விழலண்ணே. போன்ல இருந்தாரு."

"அவரு காதுல விழலன்னா ஆச்சா? என் காதுல விழுந்துச்சே."

பொட்டலத்தை நீட்டினேன். பிரித்தார். கருவியை என் தோளில் வைத்துக் குமிழியைப் பார்த்தார்.

"சாஞ்சிருக்கு."

"எந்தப் பக்கம்ணே?"

"வாய்ப் பக்கம்."

பிறகு சொன்னார்: "நாளைக்கு வரேன். ஆனா என் வாயில மாத்திரை கரையற வரைக்கும் நீங்க பக்கத்துல உக்காரணும். நான் பேசாத பத்து நிமிஷம் நீங்களும் பேசக் கூடாது."

"பத்து நிமிஷமா?"

"பாருங்க, இவருக்குத்தான் மொதல்ல வைத்தியம் பண்ணணும்," என்றார் அவர் மனைவி. மாத்திரைப் பட்டையை என் கையில் திணித்தவரும் அவர்தான்.

நான் வாசல் தாண்டும்போது ரசமட்டம் இன்னொன்றும் கேட்டார். "மேஸ்திரிக்கு மட்டும் எப்பவும் தெரிய வேணாம். தெரிஞ்சா சாரத்துல ஏத்த மாட்டாரு. அதோட என் பொழப்பு போச்சு." சத்தியம் செய்தேன்.

மறுநாள் உட்கார்ந்தேன். இரண்டாம் நிமிடம் ஒரு துணுக்கு தொண்டைக்கு வந்தது, விழுங்கினேன். நான்காம் நிமிடம் வம்பு ஒன்று உதட்டுக்கு வந்தது, கடித்தேன். வாய் மூடியபோதுதான் கண் திறந்தது! சீட்டை உள்ளங்கையில் மறைக்கும் பெண்ணைப் பார்த்தேன். என் குரல் கேட்டதும் வாசலைப் பார்க்கும் வாலிபனைப் பார்த்தேன். இத்தனை நாள் இவர்களை நான் நோயாளிகளாகவா பார்த்தேன்? இல்லை, எனக்குக் கைதட்ட வந்தவர்களாகப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது!

சிகிச்சை எங்கே தொடங்குகிறது? மருத்துவர் அறையிலா? மருந்துப் பெட்டியிலா? வாசலில் தொடங்குகிறது! வா என்று அழைக்கும் குரலில் தொடங்குகிறது! எண்ணை எண்ணாக மட்டும் சொல்லி, மனிதரை மனிதராக மதிக்கும் நாவில் தொடங்குகிறது! அந்த நாவு தவறினால் எந்த மாத்திரை நாக்கடியில் கரைந்து என்ன பயன்?

பதினொரு மாதம் ஆகிறது. ஒரு காலைகூட அவர் தவறவில்லை. மீண்டும் சாரம் ஏறிக் கல் பதிக்கிறார்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், இந்த வாயை நம்பி மீண்டும் மைக்கைத் தந்த மருத்துவர் அம்மாவுக்கும் நன்றி. எல்லோரும் நலமாக இருங்கள். வணக்கம் சொல்லி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இறங்குகிறேன்.

முன்வரிசையில், நடு நாற்காலியில், மேஸ்திரி. இன்று அவர் காதில் கைப்பேசி இல்லை.