விசாரிச்சு எடுத்த மிஷின்

— கத்தாதீங்கண்ணே! நீங்க கத்துறதால பச்சை மிஷினுக்கு எடை கூடிறாது!

— நான் எங்க கத்துறேன்? நியாயத்தைக் கொஞ்சம் சத்தமாச் சொல்றேன், என்னாங்குற? ரெண்டு மிஷினும் ஒரே வெலை. பச்சைக்கு டேபிளு ஏழு அடி. ஒன் வெள்ளைக்கு நாலரை அடி. இந்தக் குணசேகரன் தங்கச்சிக்கு சின்னது எது பெருசு எதுன்னு தெரியலைன்னு வெளிய சொன்னா சிரிப்பாக.

— ஏழு அடி டேபிளுல நீங்க வேணா காலை நீட்டிப் படுத்துக்கலாம். இரும்புக் கட்டையைக் குடைஞ்சு மோல்டு அச்சு வெட்ட, மிஷின் கல்லு மாதிரி நிக்கணும். பச்சைக்கு ஒரே தூணு. வெட்டுற தலை முன்னால தொங்குது. வெள்ளைக்கு வாசக்கால் மாதிரி ரெண்டு பக்கமும் தூணு. டேபிளு சின்னதா இருந்தும் பச்சையை விட மூணு டன்னு கூட, பதினாலு டன்னு நிக்குது. அந்த மூணு டன்னு எதுக்குன்னு நெனச்சீங்க, அழகுக்கா?

— நாளைக்கே ஒருத்தன் வந்து பிளாஸ்டிக் சேருக்கு மோல்டு கேட்டா?

— யாரு கேட்டா? இந்த எட்டு வருசத்துல ஒரு ஆளு கேட்டிருக்காகளா? நம்ம கையில இருக்கது கோட்டைப்பட்டினம் ஜபருல்லா பாயோட மீன் பெட்டி மோல்டு ஒண்ணுதான். அதையும் அவரு போன மாசம் லாரியில ஏத்தித் திருப்பி அனுப்பிட்டாரு.

— அது நம்ம பழைய மிஷின் பண்ணுன கோளாறு, ஆத்தா.

— சூடு பண்ணுன கோளாறுண்ணே. காலையில ஏத்துனா மறுநாள் காலை வரைக்கும் ஓடுற வேலை அது. மத்தியானம் மிஷின் சூடாகி நீண்டுருது. காலையில வெட்டுன எடமும் மத்தியானம் வெட்டுன எடமும் சேருற எடத்துல ஒரு கோடு விழுந்துச்சு. தலைமுடியில பாதி கனம். கண்ணுக்குத் தெரியாது, நகத்தை வச்சு இழுத்தா தட்டும்.

— பாதி முடி! அதுக்குப் போயி இம்புட்டு ஆர்ப்பாட்டம்.

— அந்தப் பாதி முடியிலதான் பெட்டி மோல்டை விட்டு வெளிய வராம கவ்விக்கிச்சு. பாய் போன்ல என்ன சொன்னாரு? நீங்களே சொல்லுங்க.

— ...இன்னொரு தடவை கோடு விழுந்தா வேற எடம் பாத்துக்கிறேன் தம்பின்னாரு.

— அவரும் போயிட்டா?

— போயிட்டா என்ன, பட்டறையை இழுத்துப் பூட்டிட்டு, திருவரங்குளத்துல பழையபடி கேட்டுக்கும் கிராதிக்கும் வெல்டிங் வைக்கப் போவேன். தெரியாமயா இருக்கேன்? தெரிஞ்சுதான் பெருசா வாங்குறேங்குறேன்! கடன் குடுக்குற பேங்குக்கு அஞ்சு மணிக்குள்ள எந்த மிஷினுன்னு சொல்லணும். நான் பச்சைன்னு சொல்லப் போறேன்.

— சொல்லுங்க. நான் கோயம்புத்தூருக்குப் பையைக் கட்டுறேன். அங்க ஒரு கம்பெனியில புரோகிராம் போடக் கூப்புட்டு ரெண்டு வாரமாச்சு. கோடு விழுற மிஷினுக்கு இன்னொரு தடவை நான் ராவும் பகலும் காவல் இருக்க மாட்டேன்.

— ஓகோ! கதை அப்புடிப் போகுதா? எனக்கு எல்லாம் தெரியும், என்னாங்குற? பிரவீன்குமாருன்னு ஒரு பய, நான் இல்லாதப்ப மாதிரிக் கட்டையை வெட்டிக் கொண்டாந்து ஒங்கிட்ட குடுத்துட்டுப் போனான்ல? அன்னையிலேருந்து ஒன் போனு கீழ எறங்கவே இல்ல. அவன் விக்கிற மிஷினுக்குத்தான் நீ கொடி புடிக்கிற!

— அவரு எந்தக் கம்பெனின்னு கேட்டீங்களா?

— கேக்கணுமாக்கும்? வெள்ளைதான்!

— பச்சை.

— என்னது?

— பச்சைண்ணே. நீங்க வாங்கியே தீரணும்னு குதிக்கிறீங்களே, அந்த மிஷினை மாட்டி ஓட விடுற இன்ஜினியரே அவருதான்.

— பின்ன நீ எதுக்கு அதை வேணாங்குற?

— மனுசன் வேற, மிஷின் வேற.

— அப்புடிப் போடு, தாயி! எனக்கெதுக்கு வம்பு. நான் பக்கத்து வீட்டுலேருந்து டீ குடுக்கத்தான் வந்தேன்.

— உண்ணாமலக்கா! நீங்க எப்ப வந்தீங்க?

— டேபிளு ஏழு அடின்னு சொன்னப்பவே வந்துட்டேன், தம்பி. நடுவுல புகுந்தா மரியாதையா இருக்காதேன்னு ஷட்டருக்கு இங்கிட்டு நின்னேன். டீதான் ரெண்டு தடவை ஆறிப் போச்சு. போயிச் சூடு பண்ணிக்கிட்டு வந்தேன். அதுல கொஞ்சம் விட்டுப் போச்சு. பாய் என்னமோ சொன்னாருன்னியே, அது மட்டும் எனக்குச் சரியா கேக்கல.

— கேட்ட வரைக்கும் போதும்க்கா. இது மிஷின் சமாச்சாரம். நீங்க நெனைக்கிற மாதிரி பொண்ணு மாப்ள விசாரிக்கிற வேலை இல்ல.

— இல்லதான். எனக்கென்னத்தத் தெரியும்? இந்தத் தெருவுல பதினாலு கல்யாணத்துக்கு நான்தான் போயி விசாரிச்சேன். ஒண்ணும் முறிஞ்சு வரல. அம்புட்டுத்தான் தெரியும். நீ மிஷினை எப்புடிப்பா விசாரிச்ச?

— கோயம்புத்தூருல அவுக ஷோரூமுக்கே போனேன். ஏசி ரூமுல ஓட விட்டுக் காமிச்சாக. கட்டை கண்ணாடி மாதிரி மினுக்குச்சு. மத்தியானம் கறிச்சோறு போட்டாக.

— மாப்ள வீட்டுக்காரக கிட்டயே போயி மாப்ள எப்புடின்னு கேட்டுட்டு, கறியும் தின்னுட்டு வந்திருக்க.

— அக்கா, டீ ஆறுது. நீங்க கெளம்புங்க.

— இருத்தா. பேச்சு வந்துருச்சு, பாதியில விட்டா எனக்கு நெஞ்சைக் கரிக்கும். தம்பி, துவாக்குடி பக்கம் ஒரு மோல்டு கம்பெனியில எஞ்சித்தி மக முனியாயி கேண்டீன்ல இருக்காள்ல? போன வாரம் அங்கிட்டு ஒரு வேலையாப் போனேன்.

— என்ன வேலை?

— அக்கா!

— ஒரு வேலைதான்ப்பா. எல்லாத்தையும் ஒங்கிட்ட ஒப்பிக்கணுமா? கேளு. அந்தக் கம்பெனியில பச்சையும் நிக்குது, வெள்ளையும் நிக்குது. பக்கத்துப் பக்கத்துல, ஓரகத்திக மாதிரி.

— ரெண்டுமா? அங்கயா?

— ரெண்டுந்தான். பச்சை நிக்கிற ரூமுல ஏசிகூட இருக்கு. ஆனா மத்தியானம் ரெண்டு மணி ஆச்சுன்னா அந்த மிஷினு ஆளுக கேண்டீன்ல வந்து உக்காந்துருவாகளாம். ஏன்டா இம்புட்டு வெரசா வந்துட்டீகன்னு முனியாயி கேட்டாளாம். நுணுக்க வேலைய நிறுத்திட்டோம், மிஷினு ஆறட்டும், சாயங்காலம் பாத்துக்குவோம்னாகளாம். இது தெனமும் நடக்குதாம். அவளும் அதுக்குன்னே மூணு மணி வடையை ரெண்டு மணிக்கே போட ஆரம்பிச்சுட்டா.

— ஏசி ரூமுல இருந்துமா சூடாகுது?

— அதைத்தான் நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டுச் சொல்றேண்ணே. வெளி வெயிலு மட்டும் இல்ல. தலை வேகமாச் சுத்தச் சுத்த உள்ளயிருந்தே சூடு வரும். வெள்ளையில அந்தத் தலையைச் சுத்தி எண்ணெய் ஓட விட்டுக் குளிர வைக்கிறாக. மிஷினு எம்புட்டு நகந்துச்சுன்னு அளக்கக் கண்ணாடி ஸ்கேல் இருக்கு. நீண்டாலும் அதுவே கண்டுபுடிச்சுச் சரி பண்ணிக்கும்.

— வெள்ளைக்கு ஆளு எப்ப வடை திங்க வாராகளாம்க்கா?

— அங்கதானே முனியாயிக்கு வருத்தம். சனிக்கிழமை சாயங்காலம் வேலையை ஏத்தி விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுறாகளாம். திங்கக்கிழமை காலையில வந்துதான் எறக்குறாக. அந்த மிஷினால ஒரு வடை யாவாரம் கெடையாதுக்கா, உருப்படாத மிஷினுன்னு திட்டித் தீக்குறா.

— இதையெல்லாம் ஷோரூமுல ஒருத்தரும் சொல்லலையேக்கா.

— எப்புடிப்பா சொல்லுவாக? பச்சையை மட்டமா சொல்லிட்டேன்னு நெனைக்காத. துளை போட, கட்டையை மேலாக்கக் கொத்தித் தள்ள அது ராசாவாம். அதுக்குன்னே வச்சிருக்காக. நான் அதையும் விசாரிச்சேன். படுத்தா எத்தன நாளு படுக்கும், கூப்புட்டா ஆளு வாராகளா, எண்ணெய் எம்புட்டுக் குடிக்கும், கூட வேலை செய்யிறவுகளை அண்ட விடுமா, எல்லாம் கேட்டுட்டேன். வெள்ளை வந்து ரெண்டு வருசத்துல ஒரு தடவைதான் படுத்துச்சாம். மறுநாளே ஆளு வந்துட்டாக.

— உண்ணாமலக்கா... நெசமாவே எங்களுக்காகவா பஸ்ஸு ஏறிப் போயி விசாரிச்சீங்க?

— பின்ன?

— ரெண்டு மாசமா மிஷின் கேட்லாக்குகளைப் பொரட்டுறேன். டேபிளு, எடை, வேகம்னு எல்லாத்தையும் பாத்தேன். அதை வச்சு ஓட்டுறவன் மத்தியானம் எங்க உக்காந்திருக்கான்னு கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லயே.

— வெள்ளைன்னு போன் பண்ணவாண்ணே?

— ஆத்தா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. துபாயில இருக்க மச்சான் வசந்தகுமாருகிட்ட, நம்ம மாவட்டத்துலயே பெரிய மிஷின் வாங்கப் போறேன்னு சொல்லிப்புட்டேன். ஏழு அடின்னும் சொல்லிப்புட்டேன்.

— அம்புட்டுத்தானா! இதுக்கா தெருவே கேக்குற மாதிரி சண்டை போட்ட? பதினாலு டன்னுன்னு சொல்லு தம்பி. அடியில சொல்லாத, டன்னுல சொல்லு. துபாய்க்காரருக்கு டன்னுதான் பெருசாத் தெரியும்.

— பண்ணு, அருணா. வெள்ளைன்னே சொல்லு. கோயம்புத்தூர்ப் பையை அவுத்து வையி.

— இன்னும் கட்டவே இல்லண்ணே.

— தெரியும்டா அவளுக்கு. நீ இப்புடித்தான் வந்து விழுவேன்னு.

*

— வாங்கக்கா, உள்ள வாங்க. செருப்பை மட்டும் அங்கிட்டு விட்டுருங்க. இந்த ரூமுக்குள்ள தூசி ஆகாது.

— ஒன்றரை வருசமா இதையேதான் சொல்ற. நான் அந்த ஷட்டரு வழியா எட்டிப் பாத்த காலம் எம்புட்டு நல்லாருந்துச்சு. இப்ப கண்ணாடி வழியாத்தான் பாக்க வேண்டியிருக்கு. வாயசையுறது தெரியுது, என்ன பேசுறீகன்னு கேக்க மாட்டேங்குது.

— அதுக்குத்தான் அந்தக் கண்ணாடியே. இந்தாங்க, இது ஒங்களுக்கு.

— என்னப்பா இது, மீன் பெட்டியா? நான் சைவமாச்சே.

— கொழம்பு வைக்கத் தரலக்கா. ஜபருல்லா பாயோட அம்பதாயிரமாவது பெட்டி இது. இந்த மிஷினுல வெட்டுன மோல்டு இன்னும் ஒரு தடவை கூட கவ்வல. அவரே போன் பண்ணி, இந்தப் பெட்டியை யாரு கையில குடுக்கணும்னு ஒனக்குத் தோணுதோ அவுக கையில குடு தம்பின்னாரு. நான் யோசிக்கவே இல்ல. உள்பக்கமா நகத்தை வச்சு இழுத்துப் பாருங்க.

— ...ஒண்ணும் தட்டலையே.

— தட்டாது. கோடு இல்ல. பதினொரு பேரு இப்ப இங்க வேலை பாக்குறாக. எல்லாரும் சாப்புடுறது நீங்க அன்னைக்கிப் போயிட்டு வந்த அந்தப் பஸ்ஸாலதான்க்கா. கையெடுத்துக் கும்பிடணும்னு நெனைப்பேன், கும்பிட்டா நீங்க கேலி பண்ணியே கொன்னுருவீங்க.

— பண்ணாமலா? கையை எறக்குடா, மிஷினு பாக்குது. அருணா எங்க?

— மாப்ளைகூட கொடும்பாளூருக்குப் போயிருக்கா, கோயிலுக்கு. ஒங்க மாடியில குடியிருக்கதுக, ஒங்ககிட்டச் சொல்லாமயா போச்சுக?

— சொல்லிட்டுத்தான் போச்சுக. நீ என்ன சொல்றேன்னு பாத்தேன். பிரவீன் தம்பி பச்சைக் கம்பெனியை விட்டுட்டு இங்கயே வந்தது ஒனக்கு இப்ப சந்தோசந்தானே?

— சந்தோசமா? அந்தப் பயன்னு பேசுன வாயை இன்னும் வெல்டிங் வச்சு அடைக்கத்தான் தோணுது. இந்த மிஷினு நாலு வருசத்துல கத்துக் குடுக்குறதை எனக்கு நாலு மாசத்துல கத்துக் குடுத்தாரு. ஆமா, ரொம்ப நாளாக் கேக்கணும்னு நெனச்சேன். அன்னைக்கி அம்புட்டுத் தூரம் போயி மிஷினை விசாரிக்கணும்னு ஒங்களுக்கு எப்புடிக்கா தோணுச்சு?

— எனக்கா தோணுச்சு?

— பின்ன?

— மிஷினை நான் என்னத்தக் கண்டேன், தம்பி? தாலி கட்டி ஆறு மாசமாச்சு, இனிமே சொன்னா என்ன. ஒன் தங்கச்சிதான் என் கையைப் புடிச்சுக்கிட்டு, அந்தத் துவாக்குடிக் கம்பெனிக்குப் பச்சை மிஷினைப் பாக்க அவரு மாசாமாசம் வாராராம், ஆளு எப்புடின்னு விசாரிச்சுட்டு வாங்கக்கான்னு பஸ்ஸு ஏத்தி விட்டா. போன எடத்துல மாப்ள தேறிட்டாரு. அவரு மிஷினுதான் தேறல.