பாறை விளிம்பில் பாசி

பாசியில் இத்தனை வகை உண்டென்று அறுபத்தெட்டு வயது வரை எனக்குத் தெரியாது. புதியவர்களைக் காட்டுக்கு அழைத்துப் போய்ப் பாசிகளை அடையாளம் காணக் கற்றுத் தருவதாக நூலகத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான்தான் மாப்பிள்ளையையும் அழைத்தேன். என் மகளைப் பிரிவதற்கு அவர் வக்கீலைப் பார்த்து வந்த வாரம் அது. எங்கள் குடும்பத்தில் வாழாவெட்டியாகத் திரும்பி வந்த பெண் கிடையாது. நாலு பேர் காதில் விழாமல், நடந்தபடி பேசலாம் என்று நினைத்தேன். அதில் தப்பில்லையே.

வழிகாட்டிப் பெண் ஆளுக்கொரு பூதக்கண்ணாடியும் தண்ணீர் தெளிக்கும் குப்பியும் கொடுத்தாள். காய்ந்த பாசி சுருண்டு கிடக்கும். தெளித்தால் ஒரு நிமிடத்தில் இலை விரிக்கும்.

"கண்ணாடியக் கண்ணோட ஒட்டிக்கங்க. அதை நகர்த்தாதீங்க, நீங்க நகருங்க. முட்டி போடக் கூச்சப்படாதீங்க."

"மாமாவா? அவர் முட்டி போட்டா காடே எழுந்து நிக்கும்" என்றார் மாப்பிள்ளை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மற்றவர்கள் விழுந்து கிடந்த மரத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் இருவரும் பள்ளத்தின் ஓரப் பாறைக்குப் போனோம். மகளுக்காகக் கேட்டேன். கெஞ்சவில்லை, கேட்டேன்.

"மாமா, பிரியணும்னு சொன்னது நான் இல்ல. உங்க பொண்ணுதான். உங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு என்னை முன்னால தள்ளிட்டா."

பெண்டாட்டி மேல் பழி போடுகிறவரிடம் அதற்கு மேல் என்ன பேசுவது? அவர் குனிந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, விளிம்பு முழுக்கத் தெளித்தேன். என் குப்பி ஏன் காலி என்று கேட்டீர்களே, இதனால்தான். நனைந்த பாசியில் கால் நிற்காது.

"இங்க ஒண்ணு நல்லா விரிஞ்சிருக்கு, பாருங்க மாப்பிள்ளை" என்றேன்.

கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டிக்கொண்டு, சொல்லிக் கொடுத்தபடியே அவர் நகர்ந்தார். நான் தொடவில்லை. ஒரு வேரைப் பிடித்துத் தொங்கியபடி, "மாமா, கை குடுங்க" என்று நாலைந்து தடவை கேட்டார். கடைசி வரை மரியாதை குறையவில்லை. கீழே ஓடையின் இரைச்சலில் அவர் குரல் மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. நான் கை கொடுக்கவில்லை. குரல் நின்ற பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

இனி என் மகளை யாரும் வாழாவெட்டி என்று சொல்ல முடியாது. புருஷனைப் பறிகொடுத்தவள். ஊர் எழுந்து வழிவிடும்.

நீங்கள் என்னைக் கைது செய்து இங்கே கொண்டு வந்து ஒன்பது நாளாகிறது. அவள் இன்னும் பார்க்க வரவில்லை. துக்கத்தில் இருக்கும் பெண் வாசல் தாண்டக் கூடாதென்று அவளுக்குத் தெரியும். என் வளர்ப்பு அப்படி.