ராஜா நெற்றியில் ஒரு மரு

— எல்லாம் சரிம்மா. அதை மட்டும் எடுத்துரு.

— எதை மாமா?

— நெத்தியில உருட்டி ஒட்டியிருக்கியே, அதை. ராஜா தலை. மியூசியத்துல வைக்கப்போற தலை. மருவோடயா வைப்ப?

— கையைக் கொண்டுபோகாதீங்க. களிமண் இன்னும் காயல.

— நான் எங்க தொட்டேன்? சொல்லுதேன்.

— இந்த லென்ஸ்ல பாருங்க. இது அவர் அடிச்ச காசோட நகல். ஒரோதஸ். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின பாரசீக ராஜா.

— கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கு. இதை வச்சா கராஜ்ல இவ்ளோ பெரிய தலையைச் செஞ்ச?

— நிறைய காசு மாமா. ஒண்ணுல மூக்கு நல்லா விழுந்திருக்கு, இன்னொண்ணுல தாடி. எல்லாமே பக்கவாட்டு முகம். முன்பக்கம் என் ஊகம்.

— ம்... கண்ணு நம்மளையே பாக்குது. என்னைக்கோ மண்ணாப் போன மனுஷன்... ஃபெபி, எந்திரிச்சு நிக்கணும்போல இருக்கு.

— நில்லுங்க. ராஜாதானே.

— கிண்டலா? சரி, காசுல எங்க மரு?

— இடது புருவத்துக்கு மேல. புள்ளி மாதிரி.

— அச்சு வெட்டினவன் கை தவறியிருக்கும்.

— எல்லாக் காசுலயுமா? இவர் மகன் காசுலயும் இருக்கு. அதுக்கப்புறம் வந்த ராஜாக்கள் சிலர் காசுலயும் இருக்கு.

— எடுடான்னு ஒரு வார்த்தை சொல்ல ராஜாவுக்கு வாய் இல்லையா?

— சொல்லலையே. இதைப் பாத்தா இந்த வம்சம்னு தெரியட்டும்னு விட்டிருப்பாங்களாம். இன்னொண்ணு கேளுங்க. அந்த மகன்தான் இவரைக் கொன்னதா எழுதியிருக்காங்க.

— பெத்த அப்பனையா?

— ஆமா. கொன்னவன்கூட அந்த மருவை மறைக்கல. தன் காசுல போட்டுக்கிட்டான்.

— கொன்னவன்கூடவா.

— நம்ம வீட்டுல மட்டும் மூணு வயசுக் குழந்தைக்கு இருக்கறதை வெட்டி எடுக்கணும்.

— அது வேற பேச்சு.

— உங்க பேத்தி ஜெபினாவுக்கும் அதே இடம்தான்.

— ஞானஸ்நானத்தன்னைக்கே சொன்னேன். எங்க வம்சத்துல கிடையாது. என் மகன் பெனிஷுக்கு இருக்கா? எனக்கு இருக்கா? உங்க பக்கத்துல...

— எங்க பக்கத்துல ஒவ்வொருத்தரா விசாரிச்சு எங்கம்மா அழுதாச்சு. டாக்டரே அதால ஒண்ணும் ஆகாதுன்னுட்டார். டேகேர்ல ஒரு குழந்தையும் கேக்கல. இந்த கேட்டி ஊர் சர்ச் ஆன்ட்டிங்கதான் கேக்கறாங்க.

— அதைத்தான் நானும் சொல்லுதேன். நாலு பேரு குடும்பத்தைப் பேசக்கூடாது. செவ்வாக்கிழமை அப்பாயிண்ட்மென்ட் போட்டாச்சுன்னியே?

— ம்ம்.

— அப்ப பேச்சு முடிஞ்சுது.

— முடிஞ்சுது. நான் வேலையைப் பாக்கறேன்.

— ...ஃபெபி.

— சொல்லுங்க.

— இந்த மருவை எதைப் பாத்துச் செஞ்ச?

— காசுல புள்ளிதானே தெரியுது... ஜெபினா தூங்கறப்ப பக்கத்துல உக்காந்து பாத்துச் செஞ்சேன்.

— அதான் தப்பாயிருக்கு.

— எது?

— ராஜாவுக்கு வயசு ஆகியிருக்கும்லா. இது பிள்ளை மரு. பட்டாணி மாதிரி இருக்கு. வயசாக வயசாக அடி ஒடுங்கும். நுனி புருவத்துப் பக்கமாச் சாயும். அந்தக் குச்சியைக் குடு.

— மெதுவா மாமா...

— பொறு... இங்க ஒரு மடிப்பு வரும்... இப்பப் பாரு.

— மாமா... முகமே மாறிருச்சு. இவ்வளவு நேரம் பொம்மை மாதிரி இருந்தார்.

— ம். இப்ப வந்துட்டார்.

— உங்களுக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?

— ...எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுத்தான் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவார். விழுந்திராம அவர் நெத்தியைப் பிடிச்சுக்கிடுவேன். விரலு அதுமேலதான் இருக்கும்.

— ஹால்ல மாட்டியிருக்க போட்டோல தாத்தா நெத்தி வழுவழுன்னு இருக்கே.

— ஸ்டுடியோக்காரன்ட்ட நான்தான் அழிக்கச் சொன்னேன்.

— அப்ப உங்க புருவத்துக்கு மேல இருக்க தழும்பு? கிரிக்கெட் பந்து பட்டதுன்னீங்க.

— ...பந்து இல்ல. வெட்டி எடுத்த தழும்பு. உங்கம்மாவுக்கு போன் போடு. நான் பேசணும். அதுக்கு முன்னால அந்த செவ்வாக்கிழமையை கேன்சல் பண்ணு.

— கேன்சல் பண்ண ஒண்ணுமில்ல மாமா. நான் அப்பாயிண்ட்மென்ட்டே போடல.