சம்பள உயர்வு யாரால் வந்தது

சாம்பார் வாளியை இடது கையில் பிடிக்க வேண்டும், ஐயா. கரண்டி வலது கைக்கு. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மாற்றித்தான் பிடிப்பார்கள். பத்து நாளில் தோள்பட்டை வலியெடுத்துத் தானாக என் வழிக்கு வந்துவிடுவார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் இருக்கிற எங்கள் ஓட்டலில் பத்தொன்பது வருஷமாகச் சப்ளையர் வேலை பார்க்கிறேன். அங்கே இலை முன்னால் நிற்கிற எல்லோருக்கும் வாளி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான், என்னோடு வேலை பார்த்த பெரியண்ணனுக்கும் சேர்த்து.

உங்கள் ரைட்டர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். "ஆத்திரத்தில் செய்துவிட்டேன்" என்று போட்டிருக்கிறார். ஆத்திரம் இருந்தது உண்மை, இப்போதும் இருக்கிறது. ஆனால் ஆத்திரத்தில் செய்கிறவன் கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான். நான் அப்படிச் செய்யவில்லை. அதனால்தான் வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். பூமாலை, வயது நாற்பத்தேழு, சொந்த ஊர் திருக்கோவிலூர், பன்னிரண்டாவது வரை படித்தவன். இந்த ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன், யாரும் கூட்டி வரவில்லை.

முதலில் சம்பளத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்கு இட்லியோடு ஆரம்பித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்குச் சுவரில் கொஞ்சம் சாய்ந்து, மறுபடி ஐந்து மணிக்குப் பரோட்டாவுக்கு எழுந்து நிற்கிறவனுக்கு மாதம் ஒன்பதாயிரம். வேலைக்குச் சேரும்போதே முதலாளி சொல்லிவிடுவார். "சம்பளம் கம்மிதான்பா. மிச்சம் டேபிள்ல கெடைக்கும்." அதாவது என் கூலியில் பாதியை அவர் தரமாட்டார். சாப்பிட வருகிறவன் மனசு வைத்தால் தருவான், வைக்காவிட்டால் நான் வாயைப் பொத்திக்கொண்டு போக வேண்டும். சிமெண்டுக் கடையில் மூட்டை தூக்குகிறவனிடம், வீடு கட்டுகிறவன் ஏதாவது கொடுப்பான், அதை வைத்துப் பிழைத்துக்கொள் என்று யாராவது சொல்வார்களா? இதைவிட அயோக்கியத்தனத்தை நான் பார்த்ததில்லை.

கல்லாவில் ஒரு பழக்கம் உண்டு. இருநூற்று அறுபது ரூபாய் பில்லுக்கு ஐந்நூறு கொடுத்தால், மீதியை ஒரு இருநூறாகவும் நாலு பத்தாகவும் சோம்புத் தட்டில் வைத்துத்தான் அனுப்புவார்கள். இருபதாகக் கொடுத்தால் விட்டுவிட்டுப் போக மனசு வராதாம். பத்தாக இருந்தால் ஒன்றாவது தட்டிலேயே கிடக்குமாம். முதலாளியே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடித்தது. அந்தப் பத்து ரூபாயைக் காட்டித்தான் அவர் இத்தனை வருஷம் எங்களுக்குச் சம்பளம் ஏற்றவில்லை.

கொடுக்கிறவர்களும் சும்மா கொடுப்பதில்லை. பத்து ரூபாய் வைத்தவன் அடுத்த முறை வரும்போது விரலைச் சொடுக்குவான். நான் அவன் முகத்தை ஞாபகம் வைத்திருந்து சிரிக்க வேண்டும். குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்துப் போட வேண்டும். ஒருநாள் பெரிய மனிதர் ஒருவர் நோட்டைத் தவறவிட்ட மாதிரி கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். குனிந்து எடுத்தேன். என் மகள் அதைப் பார்க்க அங்கே இல்லை என்று சந்தோஷப்பட்டேன்.

போன சித்திரையில் யோசனை சொன்னது நான்தான். "இனிமே எவன் டிப்ஸும் வேணாம்டா. தட்டோட திருப்பிக் குடுத்துடுங்க. எங்க மொதலாளி சம்பளம் குடுப்பாருங்கன்னு சொல்லுங்க. கேக்கறவன் நேரா கல்லாவுல போய்க் கேப்பான்." பதினாலாயிரம் தருகிறவரைக்கும் யாரும் ஒரு நோட்டைத் தொடக் கூடாது. பாத்திரம் கழுவுகிற இடத்தில் கற்பூரம் ஏற்றி எட்டுப் பேர் சத்தியம் செய்தோம். ஜெரின் கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுச் சொன்னான். ஒன்பதாவது ஆள் பெரியண்ணன். அவன் மட்டும் கை நீட்டவில்லை.

பெரியண்ணன் வெள்ளிமலைப் பக்கத்துக்காரன், முப்பத்திரண்டு வயது. மலையில் சாமை விதைக்கிற நிலம் கொஞ்சம் இருந்தது. அது நாலு மாதச் சாப்பாட்டுக்குத்தான் காணும். மனைவி பெருமாயி அப்போது ஏழு மாதக் கர்ப்பம். முதல் குழந்தை, மலை இறங்குகிற வழியில் ஜீப்பிலேயே பிறந்து அங்கேயே போய்விட்டது. அதனால் இந்த முறை ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கட்டும் என்று கள்ளக்குறிச்சிக்குள் ஒரு அறை எடுத்து அவளை வைத்திருந்தான். அந்த அறையும் அவள் சாப்பாடும் தினமும் தட்டில் விழுகிற நோட்டில்தான் நடந்தது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத வேண்டாம்.

"சத்தியம் பண்ணிட்டு மீறக் கூடாதுண்ணே. எங்க மலையில அது பெரிய தப்பு. என்னால முடியாதுன்னு தெரியும், அதான் பண்ணல. நீங்க பண்ணுங்க. சம்பளம் ஏறுனா எனக்குந்தான நல்லது" என்றான். அவன் குரலில் கூச்சமும் இல்லை, குத்தலும் இல்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பற்றிக்கொண்டு வந்திருக்காது.

முதல் பத்து நாள் நான் நினைத்தபடியே நடந்தது. கோர்ட்டிலிருந்து சாப்பிட வருகிற வக்கீல் ஒருவர், நான் திருப்பிக் கொடுத்த இருபது ரூபாயைப் பிடித்துக்கொண்டே கல்லாவுக்குப் போய், "இன்னாங்க, ஆளுங்களுக்குச் சம்பளம் குடுக்கறதில்லையா நீங்க?" என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி முகம் கறுத்துப்போய்விட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவர் முகம் கறுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு ருசித்தது.

பதினோராம் நாள் முதலாளி எங்களை மாடியிலிருக்கிற ஏசி ரூமுக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு மேஜையில் பெரியண்ணன் தட்டிலிருந்த நோட்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்து, "ரொம்ப நன்றிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். முதலாளி அவனைக் கையால் காட்டினார்.

"அவன் வாங்கிக்கினு சந்தோசமாத்தான வேலை செய்றான்? உங்களுக்கு மட்டும் இன்னா நோவு?"

அடுத்த இரண்டு நாளில், சத்தியம் செய்தவர்களில் அருள்மொழி வாங்க ஆரம்பித்தான், அவனைப் பார்த்து இன்னொருவனும் ஆரம்பித்தான். கேட்டால், பெரியண்ணன் வாங்குகிறானே என்றார்கள். நான் கட்டியதெல்லாம் கண் முன்னால் சரிந்தது. ஒரு ஆளால் எட்டுக் குடும்பம் கெட்டது. உங்களுக்கு அது ஓட்டல் விவகாரமாகத் தெரியலாம், எனக்கு வயிறு எரிந்தது.

முதலாளியை ஏன் ஒன்றும் செய்யவில்லை என்று நேற்றுக் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முதலாளிக்கு ஏதாவது ஆனால் ஓட்டலை மூடிவிடுவார்கள். ஒன்பது பேர் தெருவுக்கு வருவார்கள். நான் பொறுப்புள்ளவன், ஐயா. பெரியண்ணன் ஒரு மாதம் வேலைக்கு வராமல் இருந்தால் போதும் என்றுதான் முடிவு செய்தேன்.

எங்கள் சமையல்கட்டு கீழே. ஏசி ரூமுக்குப் பின்பக்கமாகப் பதினாறு படி ஏற வேண்டும். வைகாசியில் ஒரு முகூர்த்த நாள், மத்தியானம், மேலே கல்யாணக் கூட்டம். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணெயில் கரித்துணியை நனைத்து, மேலிருந்து மூன்றாவது படியிலும் நான்காவது படியிலும் விளிம்பில் தடவினேன். மற்றவர்களிடம், பின்படி கழுவியிருக்கிறது, முன்பக்கமாகப் போங்கள் என்று சொல்லியிருந்தேன். வேறு யாருக்கும் அடிபடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

கால் மட்டும் முறிந்தால் போதும் என்று நினைத்தவன் எதற்காக வாளியை நிரப்பினாய் என்றும் கேட்டீர்கள். நேற்று அதற்கு நான் பதில் சொல்லவில்லை. படி ஏற்றுகிற வாளியில் முக்கால்வாசிதான் ஊற்ற வேண்டும். அதுவும் நான் கற்றுக்கொடுத்ததுதான். அன்றைக்கு அடுப்பிலிருந்த அண்டாவில் நானே மொண்டு, விளிம்புவரை ஊற்றி, "சீக்கிரம் எடுத்துக்கினு போ, மேல கத்தறாங்க" என்று அவனிடம் கொடுத்தேன். இடது கையில்தான் வாங்கினான்.

வாளி உருண்டு வந்து என் காலடியில் நின்றது. அவன் அதிகம் கத்தவில்லை. முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, சோப்புப் போட்டுப் படியைக் கழுவியதும் நான்தான். விபத்து என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம், அப்படியே பதிவானது.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான் தினமும் போனேன். ஒருநாள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது, "நீங்கதாண்ணே மொதல்ல வந்து தூக்குனீங்க. மறக்க மாட்டேன்" என்றான். பெருமாயி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஓட்டலில் அவன் வைத்தியத்துக்காகக் கல்லாவில் ஒரு சோம்புத் தட்டை வைத்தார்கள். அதில் விழுந்ததில் முக்கால்வாசி பத்து ரூபாய் நோட்டுதான். வெந்துபோய்க் கிடக்கிறவனுக்கும் அதே பத்து. இந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வாயில் நல்ல வார்த்தை வராது. பத்தாம் நாள் காலையில் அவன் இறந்துபோனான்.

அடுத்த மாதம் பெருமாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். போய்ப் பார்த்து, குழந்தையின் கையில் நூறு ரூபாய் வைத்துவிட்டு வந்தேன்.

முதலாளி பயந்துபோயிருந்தார். செத்தவன் என்ன சம்பளம் வாங்கினான், எத்தனை மணி நேரம் வேலை பார்த்தான் என்று யாராவது கிளற ஆரம்பித்தால் மற்றதெல்லாம் வெளியே வரும். ஆடி மாதத்திலிருந்து எல்லோருக்கும் பதினாலாயிரம். கேட்டது ஒரு பைசா குறையாமல் கிடைத்தது. கற்பூரமும் வக்கீலும் செய்யாததை ஒரு வாளி சாம்பார் செய்தது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது அதுதான்.

இதோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். போன வாரம் ஏசி ரூம் வாசலில் பெரியண்ணன் படத்தை மாட்டி மாலை போட்டார்கள். ஜெரின் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கி நாம பதினாலாயிரம் வாங்கறோம்னா அது பெரியண்ணன் உசுருடா" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். யோசனை யாருடையது, சத்தியம் செய்ய வைத்தது யார், ஒருவனுக்கும் ஞாபகம் வரவில்லை. சத்தியத்துக்கே கை நீட்டாதவன் படத்துக்கு மாலை. மறுநாள் காலையில் முகச்சவரம் செய்துகொண்டு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உங்களிடம் வந்தேன். சம்பள உயர்வு யாரால் வந்தது என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் கேட்டீர்கள். அந்த நாட்களில் ஐம்பதும் நூறுமாக என் போனுக்கு வந்திருக்கிற பணம் என்ன என்று. அது டிப்ஸ் இல்லை, ஐயா. வழக்கமாக வருகிற சிலர், எஸ்தர் டீச்சர் மாதிரி, தட்டில் வைத்ததை நான் திருப்பிக் கொடுத்ததும் மனசு கேட்காமல் போனில் அனுப்பினார்கள். தெரிந்தவர்கள் அன்பாக அனுப்புவதைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை. என் மகளும் காலேஜ் போய்க்கொண்டிருந்தாள்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பெரியண்ணன் போனில் சார்ஜ் இல்லை. பெருமாயியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத் தருகிறேன் என்று என் போனை வாங்கினான். பேசி முடிக்கும்போது டீச்சரின் ஐம்பது ரூபாய் வந்து விழுந்தது. "அண்ணனுக்கு டீ செலவுக்கு" என்று எழுதியிருந்ததையும் அவன் படித்துவிட்டான். நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன்.

"பரவால்லண்ணே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நமக்கும் வூடு வாசல்னு கீதுல்ல?" என்றான். போனைத் தன் சட்டையில் துடைத்து என்னிடம் கொடுத்தான்.

சொல்லியிருக்கவும் மாட்டான், அது எனக்குத் தெரியும். காட்டிக்கொடுத்துவிடுவான் என்று பயந்து செய்ததாக ரைட்டர் எழுதிவிடக் கூடாது. நமக்கு என்றான், ஐயா. அவனையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துச் சொன்னான். நாலு பேர் பார்க்க நோட்டை எடுத்துப் பையில் போடுகிறவன் என்னை மன்னித்தான். அன்றைக்குச் சாயங்காலம்தான் பின்பக்கம் போய் எந்தப் படி தேய்ந்திருக்கிறது என்று பார்த்துவைத்தேன். கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் உங்கள் பதிவிலும் இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: சத்தியம் செய்த பிறகு நான் ஒரு ரூபாய்கூட டிப்ஸ் வாங்கவில்லை.